பெட்டிக்குள் ஓர் உயிர்!

2020-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பிரேதம் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியை வாடகைக்கு விட்ட கடையின் ஊழியர், அதைத் திரும்ப எடுக்கச் சேலத்தில் ஒரு வீட்டுக்குச் சென்றார். உள்ளே 74 வயது முதியவர். உயிர் இருந்தது! போலீசார் மீட்டனர். சில நாட்களில் ஆஸ்பத்திரியில் அவர் காலமானார்.

உயிர் இருப்பதைக் கண்டு சொன்னவர் வேலையாக வந்த ஓர் அந்நியர். பாடம் அங்கேதான் இருக்கிறது.

முதியோருக்கு இழைக்கும் கொடுமை பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. சோறு குறையும், மருந்து நிற்கும், பத்திரத்தில் கைநாட்டு வாங்கிய பின் பேச்சும் நின்றுவிடும். பெற்றவர் வாய் திறப்பாரா? பிள்ளையின் மானம் போகுமே என்று அடக்கிக் கொள்வார். ஆகவே அக்கம்பக்கத்தார்தான் கவனிக்க வேண்டும்.

சட்டம் துணை நிற்கிறது. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, சேலம், ஆத்தூர், நாமக்கல், திருச்செங்கோடு முதலிய ஊர்களின் கோட்டாட்சியர்களிடம் ஜீவனாம்சம் கோரலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளை கைவிட்டால் ரத்து செய்யவும் கேட்கலாம். தானப் பத்திரம் எழுதுவோர் அந்த ஒரு வரியை மறக்கலாகாது. உதவிக்கு 14567 என்ற தொலைபேசி எண் உண்டு.

வாசலில் நின்று, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பவரே முதல் காவல்.