இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு

கனடாவின் மேற்கு மாகாணங்களிலும் அமெரிக்காவின் மலைப்பகுதிகளிலும் பயண டிரெய்லர் வைத்திருப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி, அதன் பின்னால் ஏழெட்டு நூறு கிலோவைத் தாண்டாத சின்ன டிரெய்லர், பதறாத ஓட்டுநர். இவை மூன்றும் அமைந்துவிட்டால் பனிக்காலத்தில் மலை ஏறி இறங்க அஞ்ச வேண்டியதில்லை என்பார்கள். மூன்றும் நல்லவையே. ஆனால் பனிச்சாலை கேட்கும் கேள்விக்கு அவை விடையாவதில்லை. இந்த நம்பிக்கையை மலைக்கணவாய்வரை கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு போகிறார்கள் என்பதால், அதைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் நான்கு சக்கர இயக்கம். இன்ஜினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுப்பது மட்டுமே அதன் வேலை. ஏற்றத்தில் சக்கரம் வீணாகச் சுழலாமல் வண்டி நகர அது உதவும். பிரேக்கோ எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் ஏற்கெனவே உண்டு. நிறுத்தும் நேரத்தில் இந்த வண்டிக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7, மிதிபட்டு இறுகிய பனியில் 0.2, வழவழப்பான பனிக்கட்டியில் 0.1 அளவுக்கு இறங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, பிரேக் பிடித்த இடத்திலிருந்து உலர்ந்த சாலையில் 20 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 70 மீட்டர் போகும். பனிக்கட்டியில் 140 மீட்டர். அதன் பின்னால் பிரேக் இல்லாத டிரெய்லரைக் கோத்தால் கணக்கு இன்னும் மோசமாகும். 1,800 கிலோ வண்டியின் பிரேக்குகள் 700 கிலோ டிரெய்லரையும் சேர்த்துத் தடுத்தாக வேண்டும். 70 மீட்டர் 100 மீட்டரை நெருங்கிவிடும். பல மாகாணங்களில் குறிப்பிட்ட எடைக்குக் கீழுள்ள டிரெய்லருக்கு பிரேக் கட்டாயமில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஏற்றத்தில் வழுக்காமல் ஏறிவிட்ட வண்டி, சாலை நல்ல பிடிமானத்தோடு இருப்பதாக ஓட்டுநரை நம்பவைக்கிறது. அந்த நம்பிக்கை பொய் என்பது இறக்கத்தின் முதல் வளைவில்தான் தெரியவரும்.

கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில், 2,200 மீட்டர் உயரத்திலுள்ள டானர் கணவாய் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் பனி கொட்டும்போது பனிச் சங்கிலிக் கட்டுப்பாடு அமலாகும். அதன் இரண்டாம் நிலையில், நான்கு சக்கரத்திலும் பனி டயர் போட்ட நான்கு சக்கர இயக்க வண்டிக்கு விலக்கு உண்டு. சங்கிலியைக் கையில் வைத்திருந்தால் போதும். அதே வண்டி டிரெய்லரை இழுத்துவந்தால் அந்த விலக்கு கிடையாது. இயங்கும் அச்சு ஒன்றில் சங்கிலி பூட்ட வேண்டும். டிரெய்லருக்கு பிரேக் இருந்தால் அதன் ஓர் அச்சிலும் பூட்ட வேண்டும். விதி வகுத்தவர்கள் டிரெய்லரை வெறும் பின்சுமையாக எண்ணவில்லை. தானாக நிற்கவும் திசை பிடிக்கவும் வேண்டிய இன்னொரு வண்டியாக எண்ணியிருக்கிறார்கள். அது சரியான பார்வை.

டிரெய்லரின் எடை பின்சக்கரங்களை அழுத்துவதால் பிடிமானம் கூடுமே என்று சிலர் கேட்பதுண்டு. கூடும். ஆனால் அந்த எடை இறங்குவது பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும் கொக்கியில். அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளி போலாகி, முன்பக்கம் தூக்கப்படுகிறது. பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி 90 கிலோ அழுத்தினால், அச்சுகளுக்கிடையே 2.7 மீட்டர் உள்ள வண்டியின் முன்சக்கரங்கள் 40 கிலோ அழுத்தத்தை இழக்கும். திருப்புவதும் பெருமளவு நிறுத்துவதும் முன்சக்கரங்கள்தான். அதற்காகக் கொக்கி எடையைக் குறைத்துவிடவும் முடியாது. டிரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு கொக்கியில் இல்லாவிட்டால் அது வாலாட்டத் தொடங்கிவிடும்.

அடுத்தது சின்ன டிரெய்லர் என்ற ஆறுதல். எடை குறைந்தாலும் பக்கச்சுவர் அந்த அளவுக்குக் குறைவதில்லை. பத்து சதுர மீட்டர் சுவரில் மணிக்கு 60 கிலோமீட்டர் பக்கக்காற்று மோதினால், அது கிட்டத்தட்ட 175 கிலோ எடைக்கு ஈடாகத் தள்ளும். பாதியைக் கொக்கி தாங்கிக்கொண்டாலும் மீதி 87 கிலோ டிரெய்லர் சக்கரங்களின் மேல் விழும். 660 கிலோ சுமக்கும் அச்சு பனிக்கட்டியின் மேல் தாக்குப்பிடிக்கக்கூடியது 66 கிலோ மட்டுமே. ஓட்டுநர் ஒரு தவறும் செய்யாமலேயே டிரெய்லர் பக்கவாட்டில் நகர இது போதும். வயோமிங் மாநிலத்தில் எல்க் மலையை ஒட்டிய நெடுஞ்சாலையைக் காற்று வீசும் நாட்களில் உயரமான இலகு வண்டிகளுக்கு மட்டும் மூடுவது இதனால்தான். அங்கே கனமான லாரி போகலாம், இலகுவான டிரெய்லர் போகக் கூடாது. கூரையில் தங்கும் பனியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பத்து சதுர மீட்டர் கூரையில் 20 சென்டிமீட்டர் புதுப் பனி 200 கிலோ வரை கனக்கும், அதுவும் மிக உயரத்தில்.

வாலாட்டத் தடுப்புத் தண்டும் மின்பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கின்றனவே என்பார்கள். என் கவலை இங்கேதான் அதிகம், ஏனென்றால் கோடையில் காப்பாற்றும் கருவி பனியில் எதிராகத் திரும்பக்கூடியது. உராய்வு வகைத் தடுப்புத் தண்டு, காரும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி இறுக்கிப் பிடிக்கிறது. உலர்ந்த சாலையில் முன்டயர்கள் அந்தப் பிடியை மீறி வண்டியைத் திருப்பிவிடும். வழுக்கும் சாலையில் அவற்றுக்கு அந்த வலு இருக்காது; ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். மழையிலும் பனியிலும் சரளையிலும் தண்டைத் தளர்த்திவிடும்படி தயாரிப்பாளர் கையேடே சொல்கிறது. கொக்கியைப் பூட்டும் அவசரத்தில் கையேடு யாருக்கு நினைவிருக்கிறது? மின்பிரேக்கும் இப்படித்தான். உலர்ந்த சாலைக்குச் சரியாக வைத்த அளவு, பனியில் டிரெய்லர் சக்கரங்களைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். காரில் இருக்கும் பூட்டல் தடுப்பு அமைப்பு (ABS) பெரும்பாலான டிரெய்லர்களில் கிடையாது. பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும். டிரெய்லர் காரை முந்தப் பார்க்கும்.

மெதுவாகப் போனால் சரியாகிவிடும் என்பது கடைசி வாதம். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் கால்பங்காகும். அந்த மட்டில் இதை மறுக்க முடியாது. ஆனால் பக்கக்காற்றும் பனிக்கட்டி படிந்த இறக்கமும் வேகத்தைக் கேட்டு வருவதில்லை. இறக்கத்தில் கியரைத் தடாலெனக் குறைத்தால், இன்ஜின் சக்கரங்களைத் தடுக்க, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, வண்டி நடுவில் மடங்கிவிடக்கூடும், மெதுவாக வந்திருந்தாலும்.

குளிர் தொடங்கியதும் தெற்கே புறப்படுபவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான மலைச்சாலைகளில் குளிர்கால டயர் விதி அக்டோபர் 1-இலேயே தொடங்குகிறது. புறப்பாட்டையும் அதற்கு முன்னால் நகர்த்தலாம். தவறிவிட்டால், கணவாய்க்குக் கீழே உள்ள ஊரில் இரண்டு நாள் தங்கி, சாலை சுத்தமான பிறகு ஏறலாம். டிரெய்லர் சக்கரத்துக்கும் அதன் மேல்வளைவுக்கும் இடையே சங்கிலி நுழைய இடம் இருக்கிறதா என்பதை வீட்டு வாசலிலேயே பூட்டிப் பார்த்துவிட வேண்டும். பல சின்ன டிரெய்லர்களில் அந்த இடைவெளி இருப்பதில்லை. அப்படியானால், பிரேக் உள்ள டிரெய்லர் சங்கிலி கட்டாயமாக்கப்பட்ட நாளில் மலையேற வழியே இல்லை.