மாத்திரை இலவசம்; கிளினிக் நாள் இலவசமா?

லிந்துலைப் பகுதித் தோட்டங்களில் ஒருவருக்குக் கை கால் விழுந்து வாய் கோணிவிட்டால், "பாரிசவாதம், எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லி ஆறுதலடைகிறோம். எல்லாப் பாரிசவாதமும் தலையெழுத்து அல்ல. அவற்றுள் ஒரு பகுதி, நாளுக்கு ஒரு வேளை மாத்திரையும் காலம் தவறாத ஓர் இரத்தப் பரிசோதனையும் இருந்தால் தடுக்கக் கூடியது. அந்தப் பரிசோதனைக்குப் போகும் நாளைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே படபடத்துக்கொண்டிருக்கும் ஒரு நோய் உண்டு. வைத்தியர்கள் அதை ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பார்கள். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் துடிப்பு தாறுமாறாக இருக்கும். ஓடாத வாய்க்காலில் பாசி கட்டுவதுபோல, அந்த அறையில் தேங்கும் இரத்தம் கட்டியாக உறையும். கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பாரிசவாதம். இந்நோய் உள்ளவருக்குப் பாரிசவாதம் வரும் ஆபத்து மற்றவரைவிடச் சுமார் 5 மடங்கு அதிகம். இது முதியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. சிறுவயதில் தொண்டை நோவைத் தொடர்ந்து மூட்டுவாதக் காய்ச்சல் கண்டு இதய வால்வு கெட்டுப்போனவர்களுக்கு, கொழுந்து பறிக்கும் வயதிலேயே வந்துவிடலாம்.

இதைத் தடுக்கப் பல காலமாகக் கொடுக்கப்படும் மருந்து வோபரின். வால்வு நோய் இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வுகளில் இது பாரிசவாதத்தைச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது. இதன் வரலாறு மாடு வளர்ப்போருக்கு நன்கு விளங்கும். 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. 1933இல் ஒரு விவசாயி செத்த கன்றையும் உறையாத இரத்தத்தையும் எடுத்துக்கொண்டு, பனிப்புயலிலே விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கு கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததே வோபரின். 1948இல் எலி மருந்தாக வந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது.

எலி மருந்து என்றதும் பயப்பட வேண்டாம். அளவிலேதான் காரியம் இருக்கிறது. குறைந்தால் இரத்தம் கட்டும். கூடினால் இரத்தம் ஒழுகும். சரியான அளவை ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை காட்டும். பெரும்பாலானோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடியும், நிலைபெற்ற பின் சில வாரங்களுக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் ஏழையின் கணக்கு உதைக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் மருந்துக்குக் காசில்லை. ஆனால் பரிசோதனைக்காக நுவரெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோ போக வேண்டியிருந்தால், பஸ் காசு போகும், வரிசையில் பொழுது போகும், அன்றைய பேரும் போகும். நாட்கூலியில் வாழும் ஒரு தாய் இரண்டு கிளினிக்கைத் தவறவிட்டால் அவள் அக்கறையற்றவள் என்று ஏசுகிறோம். அவள் பார்த்தது அடுப்படிக் கணக்கு. ஏச்சு அந்தக் கணக்கை மாற்றாது.

"புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே, அவற்றுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லையே" என்று சிலர் கேட்கலாம். பலருக்கு அவை நல்லவை. ஆனால் மூட்டுவாதக் காய்ச்சலால் இதயம் கெட்டவர்களின் நிலை வேறு. 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் என்ற ஆய்வு, 24 நாடுகளில் அத்தகைய 4,500க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்தது, பெரும்பாலானோர் பெண்கள். ரிவரொக்சபான் என்ற புதிய மருந்தை எடுத்தவர்களைவிட, வோபரின் வகை மருந்தை எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆகவே ஏழைகளின் இந்த நோய்க்குப் பழைய மருந்தும் பழைய பரிசோதனையும் இன்னும் தேவை.

எனவே நாம் கேட்பது இரண்டு. முதலாவது, கிளினிக் கொப்பியில் திகதி குறிக்கப்பட்ட நாளுக்குத் தோட்ட நிர்வாகம் பேர் போட வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சிலே இதையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். காட்டும் சிறு கருவி உலகில் உண்டு. லிந்துலை போன்ற இடங்களின் வைத்தியசாலைகளுக்கு அதனைத் தர வேண்டும். ஒருவர் பாரிசவாதத்தில் விழுந்தால் அவரோடு அவரைப் பார்ப்பவரின் உழைப்பும் நின்றுவிடுகிறது. அந்த நட்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவல்ல.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரு தனி வார்த்தை. 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும் மலைநாட்டுக் குடும்பங்கள் பலவற்றை வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேற்றின. அப்படி ஓடும்போது அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் மாத்திரையையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். கொப்பி தொலைந்திருந்தால் மருந்தை நிறுத்திவிடாமல், அருகிலுள்ள வைத்தியசாலையில் போய், "நான் வோபரின் குடிப்பவர்" என்று சொல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவையும் சில. தவறிய மாத்திரைக்காக மறுநாள் இரண்டாகக் குடிக்கக் கூடாது. கீரையை விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கூடை நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். கடையில் நோவு மாத்திரையோ வேறு மருந்தோ நாட்டு மருந்தோ கேளாமல் வாங்கக் கூடாது. சாராயம் ஆகாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் கருத்தரிக்கும் எண்ணத்தை முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இம்மருந்து கருவைப் பாதிக்கும். மலம் கறுத்தால், சிறுநீரில் இரத்தம் வந்தால், தலையில் அடிபட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்; அதற்குக் கட்டணமில்லை.

அயல்வீட்டுப் பெண்ணுக்குக் கிளினிக் நாள் எது என்று கேட்டு வையுங்கள். அன்று அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால், அதுவும் மருந்தோடு சேர்ந்ததே. ஆனால் அயலாரின் நல்ல மனம் மட்டும் போதாது. கிளினிக் நாளுக்குக் கூலி என்பது உரிமையாக வேண்டும்.