பவர் ஸ்டியரிங்கைக் கழற்றலாமா?

பழைய காரில் பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுக ஆரம்பித்தால், "பெல்ட்டைக் கழற்றிவிட்டால் சாதா ஸ்டியரிங் ஆகிவிடும், செலவு மிச்சம்" என்று சொல்பவர்கள் உண்டு. இது தவறான யோசனை.

அந்தக் கால அம்பாசிடரும் மாருதி 800-ம் பவர் இல்லாமல் ஓடவில்லையா என்று கேட்கலாம். ஓடின. ஆனால் அவற்றின் ஸ்டியரிங் பல் அமைப்பு மனிதக் கைக்கென்றே செய்யப்பட்டது. அதிகம் சுற்ற வேண்டும், கனம் குறையும். பவர் ஸ்டியரிங்கிலோ பம்பை நம்பிச் சுற்றைக் குறைத்திருப்பார்கள். பெல்ட்டை எடுத்தால் அந்தக் கனம் முழுவதும் கைக்கு வரும். உள்ளே இருக்கும் ஆயிலும் சேர்ந்து இழுக்கும்.

கள்ளக்குறிச்சியின் சமவெளிச் சாலையில் இது அவ்வளவாகத் தெரியாது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் தெரியும். வேகம் குறையக் குறைய ஸ்டியரிங் கனக்கும். வளைவில் எதிரே பஸ் வந்தால், நிதானமாகத் திருப்ப நேரம் ஏது? பிரசவத்துக்குப் பெண்ணை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வாடகைக் காரை நினைத்துப் பாருங்கள்.

முதலில் ஒழுகும் சீலையோ குழாயையோ மாற்றிப் பார்க்கட்டும். சாதா ஸ்டியரிங்தான் வேண்டும் என்றால், அதே மாடலுக்குக் கம்பெனி செய்த சாதா ஸ்டியரிங் பெட்டியை முழுதாகப் பொருத்தட்டும். அரைகுறை வேலை மலைக்கு ஆகாது.