பூத் பக்கத்தில், பெயர் தூரத்தில்

கொடைக்கானலில் வட்டக்கானலைக் கடந்து, டால்பின் நோஸ் பாறைக்குக் கீழே இறங்கும் பாதை வெள்ளகவிக்குப் போகிறது. பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து ஏறி வந்தாலும் நடைதான். வண்டி போகாத அந்த ஊருக்குத் தேர்தலுக்கு முந்தைய நாள் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் போய்ச் சேரும். வாக்குச்சாவடி அலுவலர்களும் காவலர்களும் கூடவே நடப்பார்கள். நாமக்கல் மாவட்டத்தின் போதமலைக்கு இயந்திரம் தலைச்சுமையாகப் போயிருக்கிறது; தருமபுரியின் கோட்டூர் மலைக்குக் கழுதைகள் சுமந்து போயிருக்கின்றன. வாக்காளர் எவரும் வாக்குச்சாவடிக்காக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்ற விதியைக் காக்கத் தேர்தல் ஆணையம் படும் பாடு இது. மனமாரப் பாராட்ட வேண்டிய உழைப்பு.

இனி எண்களுக்கு வருவோம். 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 69.72 விழுக்காடு. மலைக் கிராமங்கள் நிறைந்த தருமபுரித் தொகுதியில் 81.20. தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடமும் பூத்தும் உள்ள மத்திய சென்னையில் 53.96.

நகரத்துக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. வாக்காளர் விழிப்புணர்வுக்கான கோலப் போட்டி, மனிதச் சங்கிலி, உறுதிமொழி, பேரணி எல்லாம் அந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. ஆனால், விழுக்காடு என்பது வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்களை வைத்துக் கணக்கிடப்படுவது. அந்தப் பட்டியலைச் சரிபார்க்க 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் ஏறத்தாழ 66 லட்சம் பேர் குடிபெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என வகைப்படுத்தப்பட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய தேர்தல்களில் ஓட்டுப் போடாதவர்கள் என்று நாம் கடிந்துகொண்டவர்களில் எத்தனையோ பேர் அந்தத் தெருவிலேயே இல்லை. ஆள் ஓரிடம், பெயர் ஓரிடம். இந்த இடைவெளிதான் முதன்மையான சிக்கல். இயந்திரம் ஏறாத மலை இல்லை; பெயர்தான் ஆளைத் தேடிப் போவதில்லை.

கொடைக்கானலிலேயே இதைப் பார்க்கலாம். மலைக் கிராமத்து இளைஞர் திருப்பூரிலோ கோவையிலோ வேலை பார்க்கிறார். மலையில் உள்ள விடுதியில் பாத்திரம் கழுவுகிறவரின் ஓட்டு சமவெளியிலோ வேறு மாநிலத்திலோ இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021, 2024 தேர்தல்கள் இரண்டும் ஏப்ரலில், சுற்றுலா சீசன் சூடுபிடிக்கும் நேரத்தில் வந்தன. 2024இல் வாக்குப்பதிவு நாள் வெள்ளிக்கிழமை; அதையடுத்து சனியும் ஞாயிறும். இப்படித் தொடர் விடுமுறை அமையும்போது மலையில் அறைகள் நிரம்பும், வேலை இரட்டிப்பாகும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, தினக்கூலிக்காரருக்கும் சேர்த்து, வாக்குப்பதிவு நாளன்று சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். ஊருக்குப் போய்வர இரண்டு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் இழக்க வேண்டியவருக்கு அந்த ஒரு நாள் விடுமுறை எப்படிப் போதும்?

தேர்தல் ஆணையமும் இதை அறியாமல் இல்லை. 2019 தேர்தலில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை என்று சுட்டிக்காட்டி, 72 தொகுதிகளின் வாக்குகளை ஒரே பூத்தில் பதிவு செய்யக்கூடிய தொலைதூர வாக்கு இயந்திரத்தை 2022 டிசம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரியில் கட்சிகளைச் செயல்விளக்கத்துக்கு அழைத்தது. எதிர்க்கட்சிகள் ஐயம் எழுப்பின. 2024 தேர்தலில் அந்த இயந்திரம் களத்துக்கு வரவில்லை. இடம்பெயர்ந்தவர் யார், தொலைவில் உள்ள பூத்தில் முகவர் யார் என்ற கேள்விகள் நியாயமானவை. பதில் தேடாமல் கிடப்பில் போட்டதுதான் தவறு.

கட்டாய வாக்களிப்பு என்ற யோசனையும் அவ்வப்போது எழுகிறது. ஆஸ்திரேலியா 1924இல் சட்டம் இயற்றியது. 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த வாக்குப்பதிவு 1925இல் 91ஐத் தாண்டியது. ஆனால், அங்கே தேர்தல் சனிக்கிழமையில் நடக்கிறது. முன்கூட்டியே வாக்களிக்கவும் வழி உண்டு. அபராதத்தோடு வசதியும் சேர்ந்தே வருகிறது. குஜராத் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கொண்டுவந்த கட்டாயச் சட்டத்தை 2015இல் உயர் நீதிமன்றமே நிறுத்திவைத்தது. வசதியைத் தராமல் தண்டனையை மட்டும் இறக்குமதி செய்தால் அடி விழுவது கூலிக்காரர் மீதுதான்.

வேண்டுமென்றே விலகி நிற்பவர்களும் உண்டு. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2024 தேர்தலைப் புறக்கணித்தார்கள். அதே நாளில் நாகாலாந்தின் ஆறு கிழக்கு மாவட்டங்கள் தனி நிர்வாகம் கேட்டு முழுமையாக ஒதுங்கின. ஓட்டின் அருமை தெரியாதவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக விலக முடியாது. மலை ஊர்களில் ரோடு கேட்டுக் கட்டப்படும் புறக்கணிப்புப் பதாகையும் அப்படிப்பட்டதே. தாசில்தார் வந்து பேசி, வாக்குறுதி தந்து, பதாகையை அவிழ்த்துவிடுகிறார். அந்த வாக்குறுதி எழுத்தில் பதிவாகி, அடுத்த கிராமசபையில் படிக்கப்பட வேண்டும்.

கிராமசபை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலைவாசிக்குக் குடிநீரும் பாதையும் தெருவிளக்கும் ஊராட்சித் தேர்தலில்தான் கைக்கெட்டும் விஷயமாகின்றன. ஓட்டுப் போட்டால் என்ன கிடைக்கும் என்பதை மக்கள் கண்ணெதிரே காண்பது அங்கேதான். தமிழ்நாட்டிலோ 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. திண்டுக்கல் உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243இ பிரிவு சொல்கிறது. வாக்களிக்க வாருங்கள் என்று மக்களை அழைக்கும் மாநில அரசு, இந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட்டு ஊராட்சித் தேர்தலுக்கு வழிசெய்வதிலிருந்து தன் விழிப்புணர்வுப் பணியைத் தொடங்கட்டும்.