செயலி கணக்கிடாத உழைப்பு

கர்நாடகத்தின் 42,000 ஆஷா பணியாளர்கள் கொரோனா எதிர்ப்பில் முக்கியத் தூணாக விளங்குகிறார்கள் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2020 ஜூலை முதல் வாரத்தில் பாராட்டியது. அவர்கள் 1.59 கோடி குடும்பங்களைக் கணக்கெடுத்து, முதியவர்களையும் நாட்பட்ட நோயுள்ளவர்களையும் பட்டியலிட்டிருந்தார்கள். பாராட்டின் ஈரம் காய்வதற்குள், ஜூலை 10 அன்று அதே ஆஷாக்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மாதம் 12,000 ரூபாய் மதிப்பூதியமும் பாதுகாப்புக் கவசங்களும் வேண்டும் என்பதே கோரிக்கை. அன்று மாநில அரசு அளித்த நிலையான தொகை 4,000 ரூபாய். கொரோனா பணிக்கென ஒன்றிய அரசு சேர்த்தது மாதம் 1,000 ரூபாய்.

பெங்களூரின் தொம்மலூரில் உள்வட்டச் சாலையை ஒட்டி மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஊரடங்கில் அவற்றின் ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தது, அது சரியானதே. நகரத்தின் சந்துகளில் கதவு கதவாக ஏறி இறங்கிய பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. செயலிகளுக்கு மட்டும் அன்று பஞ்சமில்லை. ஆரோக்கிய சேது ஏப்ரல் 2 அன்று வந்தது. தனிமைப்படுத்தப்பட்டோர் மணிக்கொரு முறை தம் படத்தை எடுத்து அனுப்புவதற்கும் கர்நாடக அரசு ஒரு செயலி வைத்திருந்தது.

கருவிகளை நாம் எதிர்க்கவில்லை. எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், யாருக்குச் சர்க்கரை நோய், யாருக்கு ஆக்சிஜன் அளவு குறைகிறது என்ற செய்தி நொடியில் மருத்துவரை எட்டுமானால் உயிர்கள் பிழைக்கும். ஆனால் நடந்தது என்ன? பதிவேட்டில் எழுதியதையே மறுபடியும் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். பலருக்குக் கைப்பேசியும் ரீசார்ஜும் சொந்தச் செலவு. கர்நாடகத்தில் ஊக்கத்தொகை இணையத்தளப் பதிவோடு பிணைக்கப்பட்டது. தடுப்பூசிக்குக் குழந்தையை அழைத்துச் சென்றது உண்மை, தாய்க்கும் தெரியும், செவிலியருக்கும் தெரியும். தளத்தில் ஏறவில்லையென்றால் பணம் இல்லை. வேறொருவர் செய்யத் தவறிய பதிவுக்கும் ஆஷாதான் இழப்பைச் சுமக்கிறார். உதவ வந்த கருவி மேஸ்திரியாக மாறியது இப்படித்தான். இந்தப் பிணைப்பை அறுக்க வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள்.

இது ஒரு மாநிலத்தின் கதையன்று. 2021இல் ஹரியானா ஆஷாக்கள், தங்கள் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் செயலியை ஏற்க மறுத்துப் போராடினர். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடி ஊழியர்கள், அரசு தந்த தரமற்ற கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுத்தனர்.

மக்களின் நம்பிக்கை இன்னொரு கேள்வி. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் பெங்களூரில் கணக்கெடுக்கச் சென்ற ஆஷா பணியாளர் தாக்கப்பட்டார். அது கண்டிக்கத்தக்கது, ஐயமில்லை. ஆனால் குடியுரிமைக் கணக்கெடுப்பு என்ற அச்சத்தை ஏழை முஸ்லிம் குடியிருப்புகளில் விதைத்தவர்கள் யார்? அந்தச் சந்தேகத்தின் அடியை வாங்கியவர் அதிகாரியல்ல, ஆஷா. அரசு திரட்டும் விவரங்கள் பத்திரமாக இருக்கும் என்று மக்களுக்கு எப்படி உறுதியளிப்பது? அரசு இணையத்தளங்கள் வழியே சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளிப்பட்டிருக்கலாம் என்று 2017இல் அறிக்கை வெளியிட்டது, அன்று இதே தொம்மலூரில் இயங்கிய இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம்தான்.

திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க 2013இலேயே 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. 2020 ஆகஸ்ட் 7, 8 நாட்களில் அவர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். 2022 மே மாதம் உலக சுகாதார அமைப்பு ஆஷாக்களுக்கு விருது வழங்கியது. விருது வந்தது, அங்கீகாரம் வரவில்லை. ஆட்சி மாறிய பின்பும் கர்நாடக ஆஷாக்கள் 2025 ஜனவரியில் பெங்களூர் சுதந்திரப் பூங்காவில் அமர வேண்டியிருந்தது. மாதம் 10,000 ரூபாய் உறுதி என்று காங்கிரஸ் முதல்வர் வாக்களித்தார். ஆகஸ்டில் அவர்கள் மீண்டும் வீதிக்கு வந்தார்கள்.

தமிழகத் தோழர்கள் இதை அண்டை மாநிலச் செய்தியாக வாசித்துவிட்டுப் போக முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடுவீடாகச் செல்லும் பெண்களுக்கும் தன்னார்வலர் என்றுதான் பெயர். அவர்கள் கையிலும் செயலி இருக்கிறது. கைப்பேசியும் இணையச் செலவும் அரசின் பொறுப்பு, ஒரே விவரத்தை இருமுறை எழுதும் வேலை கூடாது, பதிவு விடுபட்டதற்காக ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது, குறைந்தபட்ச ஊதியம் வேண்டும் என்ற கோரிக்கைகளோடு அவர்களைச் சந்திக்கும் வேலையை நம் கிளைகள் உடனே தொடங்க வேண்டும்.