குட்டி யானைக்கு ஒரு மெத்தை

குட்டி யானை வைத்திருக்கிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பம்பருக்கு மேலே வரிசையாக விளக்கு, முன் கண்ணாடியில் குலதெய்வம், பின்னால் 'அம்மாவின் ஆசி', தெருவையே எழுப்புகிற ஹாரன்... எல்லாம் இருக்கும். கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் சீட்டுக்கு மேல் ஒரு கோணி, கோணிக்கு மேல் ஒரு துண்டு, துண்டுக்கு மேல் டிரைவர்! ரோட்டில் போகிறவன் பார்ப்பதற்கெல்லாம் செலவு செய்வார்கள். உள்ளே பத்து மணி நேரம் உட்காருகிற ஜீவனுக்கு ஒரு ரூபாய் கிடையாது.

'நமக்கென்ன சார், நமக்கு ஆபீஸ்ல சுழல் நாற்காலி இருக்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆபீஸ் போய்க்கொண்டே, சைடில் ஒரு பழைய வண்டி வாங்கி ஓட்டுகிற பையன்கள் உங்கள் செக்ஷனிலேயே இருப்பார்கள். என் அத்தை பையன் அப்படி ஒருவன். பகலில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் உத்தியோகம். சொந்தமாக ஒரு 2010 மாடல் டாட்டா ஏஸ். ராத்திரி கோயம்பேட்டில் காய்கறி ஏற்றி, விடிவதற்குள் தாம்பரம் பக்கத்துக் கடைகளில் இறக்க வேண்டும். வண்டிக்கு வேலை இருக்கிறது, டிரைவர்தான் நிற்பதில்லை. நாலு மாசத்தில் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். மூன்றாமவர் மட்டும் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

"தம்பி, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. என் இடுப்புதான் போச்சு. பள்ளத்துல எறங்கினா கம்பி குத்துது, ஏறினா கொதிக்குது. நான் வர்றேன்."

டிரைவர் இல்லாத ராத்திரிகளில் இவனே ஓட்டினான். காலையில் ஸ்டோர்ஸில் சாக்கு மூட்டைக்குப் பின்னால் தூங்கினான். மேனேஜர் இரண்டு தடவை பார்த்துவிட்டார். ஐந்தாம் தேதியானால் வண்டித் தவணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தான்.

"மாப்ளே, நீ பி.காம். படிச்சவன். கையில ஆறாயிரம் இருக்கு. சீட்டை மாத்தறதா, வண்டியையே தள்ளிவிட்டுடறதா? கணக்குப் போட்டுச் சொல்லு."

(பி.காம். படித்தால் வருமான வரியிலிருந்து வளைகாப்பு மொய் வரை எல்லாக் கணக்கும் நம் தலையில்!)

கணக்கு என்று பார்த்தால் முதல் வரியில் எழுத வேண்டியது ரெக்ஸின் விலை இல்லை. வண்டி ஓடாமல் நிற்கிற நாளின் வாடகை. இரண்டு சீட்டையும் ஒன்றாகக் கழற்றிக் குஷன் கடையில் போட்டுவிட்டு 'நாளைக்கு வாங்க', 'நாளன்னிக்கு வாங்க' என்று அலைந்தால், சீட்டுச் செலவை அந்த வாடகை தாண்டிவிடும். அதனால் முதலில் க்ளீனர் சீட்டை மட்டும் கொடுக்கச் சொன்னேன். வண்டி பாட்டுக்கு ஓடும். இன்னொரு லாபம், மாஸ்டரின் கை எப்படி என்பது க்ளீனர் சீட்டிலேயே தெரிந்துவிடும். தையல் கோணலாக இருந்தால் டிரைவர் சீட்டுக்கு வேறு கடை பார்த்துக்கொள்ளலாம்.

சீட்டைத் தூக்கினோம். சில்லறையாக பதினோரு ரூபாய், இரண்டு பேனா மூடி, காய்ந்த கறிவேப்பிலை, யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை. அதையெல்லாம் எடுத்த பிறகு விஷயம் தெரிந்தது. டாட்டா ஏஸில் இன்ஜின் எங்கே இருக்கிறது தெரியுமோ? டிரைவருக்கு எதிரே இல்லை, சீட்டுக்கு அடியில்! 2005-ல் இந்த வண்டி வந்தபோது 702 சி.சி. டீசல் இன்ஜினை அங்கேதான் வைத்தார்கள். சின்ன வண்டி, இடம் மிச்சம், நல்ல யோசனைதான். ஆனால் அந்த மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் பீடிங் இருக்க வேண்டும். இவன் வண்டியில் அது பாதி உதிர்ந்து, மீதி கல்லாகக் கிடந்தது. சூடு, சத்தம், டீசல் நாற்றம் மூன்றும் நேராக மேலே வந்துகொண்டிருந்தன. எதற்கு முன்னால் வந்த ஒரு டிரைவர் அந்த இடைவெளியில் பழைய கோணியைத் திணித்திருந்தார். எண்ணெயில் ஊறிய கோணி, கொதிக்கிற இன்ஜினுக்கு ஒரு சாண் தூரத்தில்! அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. தீப்பிடித்தால் சீட்டு ஃபோமிலிருந்து வருகிற புகை விஷம். கோணி, தெர்மகோல், பழைய ஃபோம் எதையும் அங்கே அடைக்கக் கூடாது. புது பீடிங், மூடிக்கு அடியில் சூடு தாங்குகிற ஷீட். அறுநூறு ரூபாய் வேலை. உள்ளே செய்த வேலையிலேயே முக்கியமானது, வெளியில் தெரியாதது இதுதான்.

அடுத்து, கால் மிதிக்கிற இடம். ரப்பர் மேட்டைத் தூக்கினால் அடியில் ஒரு சணல் விரிப்பு, போன மழைக்கு நனைந்தது இன்னும் காயவில்லை. அதன் அடியில் தகரம் துருப்பிடித்து, ஓர் இடத்தில் ரோடே தெரிந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டிங்கரிடம் ஒரு ஒட்டு வைத்து, ரெட் ஆக்ஸைடு அடித்தாயிற்று. வெல்டிங்குக்கு முன் சீட்டை வெளியே எடுத்து, பாட்டரி கனெக்‌ஷனையும் கழற்றிவிட வேண்டும். சில பேர் சோம்பேறித்தனமாக ஈரத் துணி போட்டு மூடிவிட்டு வெல்டிங் அடிக்கிறார்கள். வேண்டாம்.

இப்போது மெத்தைக்கு வருவோம்.

குஷன் கடைக்காரர் முதலில் காட்டுவது ரெக்ஸின் ஆல்பம். சிவப்பு, கறுப்பு, நடுவில் வைர டிசைன், ஓரத்தில் மஞ்சள் பைப்பிங். நம் ஆளும் கல்யாணப் புடவை எடுக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டான். நான் சொன்னேன், "மச்சான், நீ உக்காரப்போறது டிசைன் மேல இல்ல, அதுக்குக் கீழ இருக்கிறது மேல."

பழைய ஃபோம் அமுங்கிப் பள்ளமாகி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. இந்த நிலைமையில் சில கடைகளில் ஒரு வித்தை செய்வார்கள். பழசின் மேல் அரை இஞ்ச் மெத்தென்ற ஃபோமை வைத்துப் புது ரெக்ஸினை இழுத்துத் தைத்துவிடுவார்கள். முதல் வாரம் ராஜ சிம்மாசனம். இரண்டாவது மாசம் பழைய கம்பி பழைய இடத்தில் நலம் விசாரிக்கும். அமுங்கின பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, அடியில் ரீபாண்டட் ஃபோம் (துண்டு ஃபோம்களை ஒட்டி அழுத்திச் செய்கிற கெட்டி ரகம்), மேலே 40 டென்சிட்டி ஃபோம் என்று வைப்பதுதான் சரி.

டென்சிட்டி என்றால் என்னவோ ஏதோ என்று பயப்படாதீர்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை இருந்தால் அது 40 டென்சிட்டி. அவ்வளவுதான். கெட்டியா, மெத்தா என்பது வேறு விஷயம். எத்தனை நாள் அமுங்காமல் உழைக்கும் என்பதற்குத்தான் இந்த நம்பர். விரலால் அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எடை போடலாமே! ஆறடிக்கு மூன்றடி, இரண்டு இஞ்ச் தடிமன் ஷீட் 40 டென்சிட்டியாக இருந்தால் ஏறக்குறைய 3 கிலோ 400 கிராம் இருக்க வேண்டும். நம் ஆளிடம்தான் காய்கறித் தராசு எப்போதும் வண்டியில் இருக்குமே... கடை வாசலில் வைத்து, காலிஃப்ளவர் மாதிரி ஃபோமைத் தூக்கி வைத்தான். 2 கிலோ 100!

"அண்ணே, இது 25 டென்சிட்டிதான் வருது" என்றேன்.

கடைக்காரர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார் எந்த டிபார்ட்மென்ட்டு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் வேறு ஷீட் எடுத்து வந்தார். அது சரியாக இருந்தது. விலையில் முந்நூறு அதிகம். கொடுத்தோம்.

சீட்டைத் தைப்பதற்கு முன் ஓட்டப்போகிற ஆளையே உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், பேன்ட்டுக்கு அளவு கொடுக்கிற மாதிரி. புது ஃபோம் ஒரு இஞ்ச் கூடினாலும் தலை கூரையில் இடிக்கும், குட்டையானவருக்குக் கிளட்ச் எட்டாது. பெல்ட் பக்கிள் புது உறைக்குள் புதைந்து போகாமல் வெளியே நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

ரெக்ஸின் என்பது முதலில் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி வைத்த பெயர். அந்தப் பழைய சரக்கு வேறு. இப்போது நாம் வாங்குவது துணிமேல் பி.வி.சி. பூசியது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. வெயிலில் நாள்பட்டால் அதை வளைய வைக்கிற ரசாயனம் வெளியேறி, அப்பளமாக வெடிக்கும். நம் ஊர் வெயிலுக்குக் கறுப்பு வேண்டாம். சாம்பல் நிறமோ பழுப்போ போதும். முதுகும் தொடையும் படுகிற இடத்தில் துணி வைத்துத் தைத்தால் வியர்வை கொஞ்சம் காயும். நூல் பருத்தியாக இருக்கக் கூடாது, நைலான் அல்லது பாலியெஸ்டர். முழுச் சீட்டாகவே வாங்க ஆசையா? புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் சீட் கிடைக்கும். ஃப்ரேம் நன்றாக இருந்தால் வாங்கலாம். ஆனால் அதன் ஃபோமும் உங்கள் ஃபோமும் அநேகமாக ஒரே வயசுக்காரர்கள்!

மற்றதெல்லாம் சில்லறை. டேஷ்போர்டுக்கு சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். பளபளா பாலிஷ் வாங்கினால் அதை ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் தடவாதீர்கள், வழுக்கிவிடும். கதவுக்கு உள்பக்கத்து அட்டை உப்பியிருந்தால், செய்தித்தாளை வைத்து அளவு வெட்டி (இந்தப் பத்திரிகை வேண்டாம், அளவு பத்தாது) புது ஹார்ட்போர்டு போடலாம். நாற்றத்துக்கு சென்ட் அடிக்காமல், கதவைத் திறந்து ஒரு நாள் வெயிலில் நிறுத்துங்கள்.

மொத்த பில்: ஃபோம் 1,600, ரீபாண்டட் 500, நாலு மீட்டர் ரெக்ஸின் 1,400, இரண்டு சீட்டுக்கும் தையல் கூலி 1,200, பீடிங், ஷீட் 600, டிங்கர், பெயின்ட் 500. ஆக 5,800. ஊருக்கு ஊர் முன்னே பின்னே இருக்கும். வண்டி நின்றது ஒரே ஒரு நாள், அதுவும் மார்க்கெட் விடுமுறை நாள். 'இது கேப்பிட்டலா, ரெவின்யூவா?' என்று ஆடிட்டரைக் கேட்கத் தேவையில்லை. இருந்ததைப் பழைய நிலைமைக்குக் கொண்டுவந்தால் ரிப்பேர். வைர டிசைன் போட்டிருந்தால்கூட அதேதான்.

ஒரு வாரம் ஓடிய பிறகு சீட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லியிருந்தேன். அதற்காகப் போனபோது நாலாவது டிரைவரைப் பார்த்தேன். ஐம்பது வயசு இருக்கும். சந்தோஷமாகத்தான் இருந்தார். புது சீட்டின் மேல் ஒரு கோணி, கோணியின் மேல் ஒரு துண்டு.

"எதுக்குண்ணே இது?" என்றேன்.

"புது சீட்டு சார், அழுக்காயிடும்ல!"