கையும் கருத்தும்

“இவனுக்குக் கை ஓடும், தலை ஓடாது.” திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலையொன்றில், என்னோடு பயின்ற மீனவச் சிறுவனைக் குறித்து ஆசிரியரொருவர் வழங்கிய தீர்ப்பு இது. இன்று அதே தீர்ப்பு உளவியற் போர்வை போர்த்து மீண்டும் வந்துள்ளது. பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், செய்து கற்போர் என மாணவரை வகுத்து, அவரவர்க்கு அவ்வவ் வழியே ஏற்றதென்கின்றனர். அவ்வாறு வகுத்துக் கற்பித்தலாற் பயன் மிகும் என்பதற்குப் போதிய சான்றில்லை என உளவியலாளர் பாஷ்லரும் அவருடன் மூவரும் 2008 இல் ஆராய்ந்து காட்டிய பின்னரும் நம்மவர் பலர் அதனை விட்டபாடில்லை.

செய்து கற்றல் வீணென்று யான் கூறவரவில்லை. அது ஒரு சாரார்க்கே உரியதென்பதையே மறுக்கின்றேன். கச்சான் காலத்தில், கடல் அமைதியுற்றிருக்கையில், உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் நிகழும் கரைவலை இழுப்பை நோக்குக. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுச் செல்லும் தோணி, வலையை வளைத்து விட்டு, மறுமுனையைத் தொலைவிலே கரைசேர்க்கின்றது. இரு அணியினர் இழுக்கின்றனர். இழுக்க இழுக்க ஒருவரையொருவர் நெருங்குகின்றனர். விலகி நின்றிழுக்கையில் இரு பக்கத்து வலிமையிலும் ஒரு பகுதி ஒன்றையொன்று அழித்துவிடும். கயிறுகளுக்கிடையிலான கோணம் ஒடுங்குந்தோறும், அதே இழுவைக்குக் கரைநோக்கிய விளையுள் விசை பெருகும். ஒரு பக்கம் தளர்ந்தால் மடி கோணும்.

அச்சிறுவனின் தோள் இதனை அறியும். ஆயின் தோள் அறிந்ததற்கு விசை இணைகரம் என்று பெயருண்டென எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. கொப்பியில் அம்புக்குறி வரைந்த எமக்கோ, அவ்வம்புகள் எதனை இழுக்கின்றன என்று எவரும் காட்டவில்லை. அவன் தேறவில்லை, நாங்கள் தேறினோம், விளங்கிக்கொள்ளவில்லை.

1972 இன் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கனிட்ட இடைநிலை மாணவர் அனைவர்க்கும் உரியதாக்கிற்று. 1977 இன் ஆட்சி மாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. ‘மீனவன் மகன் மீனவனாகவே இருக்கட்டும் என்பதா?’ என்று ஒரு தந்தை ஐயுற்றால் அதனை அறியாமையென்று தள்ளிவிடல் ஆகாது. கைவேலை ஓரிடத்தும் கணிதம் ஓரிடத்துமாகப் பிரிந்து நிற்கையில் அவ்வையம் நியாயமானதே.

‘செய்து கற்போர்’ வகுப்புக்கு இன்று எவர் பிள்ளைகள் அனுப்பப்படுவர் என்பதை விரிவுரையாளர்கள் அறியாதவரல்லர். ஆனால் மருத்துவபீடத்திலே பிணத்தைக் கையாற் கீறிப் பயிலும் மாணவனை நோக்கி, இவனுக்குத் தலை ஓடாது, ஆதலாற்றான் கையாற் கற்கின்றான் என்று எவரேனும் கூறக் கேட்டதுண்டா?